உமிக்கிடங்கில் எடுத்த பெட்டி

“நான் இந்த முறை கீரிமலைக்குப் போறன்” என்றான் சிவதர்ஷன்.

பராசக்தி திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பில் வறுக்கிற தாச்சியில் மிளகாய் கறுக்கத் தொடங்கும் நேரம். கை ஓய்ந்தால் அவ்வளவும் கருகிப் போகும். அகப்பையால் இன்னும் வேகமாகக் கிளறினாள். நெடி சோளகக் காற்றில் ஏறி வேலி கடந்து போனது. ஒழுங்கையில் சைக்கிளில் போன யாரோ இருமிக்கொண்டு போவது கேட்டது.

“கேட்டதோ அம்மா?”

“கேட்டது. குளிக்கப் போறதெண்டால் போ. ஆர் மறிச்சது?”

“குளிக்க இல்லை. ஆடி அமாவாசைக்கு.”

அகப்பை நின்றது.

ஆடி அமாவாசை தகப்பன் இல்லாதவர்களின் விரதம். கீரிமலைக் கடலில் தலைமுழுகி, ஐயரிடம் தகப்பன் பெயரைச் சொல்லித் தர்ப்பணம் கொடுத்து, வீட்டுக்கு வந்து இலையில் படைத்து, காகத்துக்கு வைத்த பிறகுதான் வாயில் சோறு வைக்கலாம். தகப்பன் உயிரோடு இருக்கிறவன் அதைப் பிடிப்பதில்லை.

“அப்ப கொப்பர் செத்துப்போனார் எண்டு நீ முடிவெடுத்திட்டாய்.”

“அப்பாவை ஆமி கூட்டிக்கொண்டு போகேக்கை எனக்கு மூண்டு வயசம்மா. இப்ப எனக்கே தலை நரைக்குது.”

“நரைச்சால் டை அடி.”

“பகிடி விடாதை.”

“நான் விடுறனோ, நீ விடுறியோ? உயிரோடை இருக்கிற மனுசனுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கப் போறானாம்.”

சிவதர்ஷன் குரலைத் தாழ்த்தினான். உள்ளே அவன் மனைவி பிரதீபா படுத்திருந்தாள். அவளுக்கு இரண்டு தரம் கரு தங்கி, இரண்டு தரமும் அழிந்து போயிற்று. இப்போது ஐந்தாம் மாதம். உடுப்பிட்டிச் சாத்திரியார் குறிப்பைப் பார்த்துவிட்டு, ‘தகப்பன்ரை கடன் கிடக்குது தம்பி, அதை முதலிலை தீர்’ என்று சொல்லியிருந்தார். பிரதீபா தன் வாயால் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பயந்து பயந்து கிணற்றடிக்கு நடக்கும் நடையே கேட்டது.

“இந்தப் பிள்ளையும் போச்சுதெண்டால் அவள் தாங்கமாட்டாள் அம்மா.”

“பிள்ளை தங்கிறதுக்கு மருந்து ஆஸ்பத்திரியிலை தருவினம். அதுக்கு என்ரை புருசனைக் கொல்லத் தேவையில்லை” என்றாள் பராசக்தி. பிறகு தாச்சியைப் பார்த்தாள். மிளகாய் கரிந்து போயிருந்தது. அவ்வளவையும் கொண்டுபோய் வேலியோரம் கொட்டினாள்.

அன்றிரவு அந்த வீட்டில் புட்டு மிஞ்சியது.

அச்சுவேலியிலிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கிற செக்கடிப்புலம் ஒரு காலத்தில் நெல்லுக்கும் எண்ணெய்க்கும் பேர் போன ஊர். முதலில் மாட்டுச் செக்குகள் இருந்தன. பிறகு எஞ்சின் வந்தது. தென்மராட்சியிலிருந்தும் வண்டி கட்டி நெல் வரும். கடைசியில் மிஞ்சியது பெரிய மில் ஒன்றுதான். அதில் எஞ்சின் ஓட்டியவன் கேதீஸ்வரன், பராசக்தியின் புருசன். இப்போது அந்த மில்லுக்குக் கூரையில்லை. சுவர் நாலும் நிற்கின்றன. உள்ளே எருக்கலையும் நாயுருவியும். பராசக்தியின் வளவுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான்.

அவள் இன்னமும் பொட்டு வைத்தாள். கலியாண வீட்டுக்குப் போனால் முன்வரிசையில் இருந்தாள். ஊர் முதலில் பரிதாபப்பட்டது, பிறகு முணுமுணுத்தது, பிறகு பழகிப்போனது. மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்து வெளிநாட்டுக்காரருக்குத் தூள் கட்டிக் கொடுத்து மகனை ஆளாக்கினாள். அவன் அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் வீட்டு வாசலுக்கு இரும்புப் படலை ஒட்டுகிற கடையில் வேலை செய்தான்.

அடுத்த நாள் காலை பக்கத்து வளவு நமசிவாயம் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

“பராசக்தி, உங்கை மில்லுக்குள்ளை ஆரோ வந்து நிக்கினம். ஆணும் பெண்ணும். போனைப் பாத்துப் பாத்து நடக்கினம்.”

“நல்லூர்க் கொடியேத்தத்துக்கு வந்த வெளிநாட்டுச் சனமாயிருக்கும். படம் எடுக்க வந்திருப்பினம்.”

“படம் எடுக்கிறவை சுவரோடை நிண்டு பல்லைக் காட்டுவினம். உவை நிலத்தையெல்லோ பாக்கினம். ஆரும் தாட்ட நகையைத் தேடுகினமோ தெரியாது. எனக்கும் ஒரு பங்கு தருவினமோ எண்டு கேட்டுப் பாரன்.”

பராசக்தி சிரித்துக்கொண்டு வேலியால் எட்டிப் பார்த்தாள். அரைக்காற்சட்டை போட்ட இளைஞன் ஒருவன் கையில் போனோடு ஐந்தடி நடப்பதும், நிற்பதும், திரும்புவதுமாக இருந்தான். தொப்பி போட்ட பெண் சுவரை அளப்பது போலப் பார்த்தாள். இரண்டு பேரும் கையுறை போட்டிருந்தார்கள்.

அவள் சிரிப்பு நின்றது.

கையுறை போட்டவர்களை அவள் போனில் பார்த்திருக்கிறாள். வேறோர் இடத்தில் மனித எலும்பு தேடி மண்ணைக் கிண்டுகிற படங்கள் வந்தபோது, தூரிகையால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையுறைதான் போட்டிருந்தார்கள். காணாமற்போனவர்களுக்கான எத்தனையோ விசாரணைகளுக்கு அவள் போயிருக்கிறாள். பள்ளிக்கூட மண்டபம், பிளாஸ்டிக் கதிரை, மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், மொழிபெயர்க்க இன்னொருவர். கேட்பார்கள், எழுதுவார்கள், போவார்கள். இடத்தைப் பார்க்க ஒருவரும் வந்ததில்லை.

முகம் கழுவி, சேலை மாற்றி, சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருந்த கேதீஸ்வரனின் படத்தை எடுத்துக்கொண்டாள். மகனுக்குப் போன் எடுத்தாள்.

“உடனை வா. வந்திட்டினம்.”

“ஆர் அம்மா?”

“விசாரணைக்காரர். மில்லுக்கே வந்திட்டினம். கையுறை போட்டிருக்கினம் மோனை.”

மறுபக்கத்தில் இரும்பு அறுக்கிற சத்தம் நின்றது.

இளைஞனின் பெயர் ஜொனதன். பெண் அவன் மனைவி லவீனா. இரண்டு பேரின் தாய்தகப்பனும் உடுவில் பக்கம். பிள்ளைகள் கனடாவில் வளர்ந்தவர்கள். பராசக்தியைக் கண்டதும் ஜொனதன் முகம் மலர்ந்தான்.

“அன்ரி, நீங்கள் இந்த ஊரோ?”

“ஓம் தம்பி. இந்த வேலிக்கு அங்காலைதான் இருக்கிறன்.”

“நல்லதாப் போச்சு! எங்களுக்குக் கொஞ்சம் கேள்வி இருக்கு. ஹெல்ப் பண்ணுவீங்களா?”

“இவ்வளவு காலமும் அதுக்குத்தானே இருக்கிறன். கேளுங்கோ. மோர் கொண்டு வரட்டோ முதலிலை? வெய்யில் கொதிக்குது.”

“வேண்டாம் அன்ரி, தாங்க்ஸ். இந்த ஊரிலை எல்லாமா எத்தினை மில் இருந்தது?”

பராசக்தி யோசித்துச் சொன்னாள். அவளுக்கு இது புதிதில்லை. எல்லா விசாரணையும் சுற்றி வளைத்துத்தான் தொடங்கும். பிறந்த இடம், கிராமசேவகர் பிரிவு, எத்தனை பிள்ளை என்று கேட்டுக் கேட்டுத்தான் விசயத்துக்கு வருவார்கள்.

“எஞ்சின் எந்தப் பக்கம் இருந்தது?”

அவள் எருக்கலையை விலக்கி, சீமெந்து மேடையையும் அதில் நிமிர்ந்து நின்ற துருப்பிடித்த ஆணிகளையும் காட்டினாள். “இதிலைதான். பெரிய சில்லு ஒண்டு இருக்கும். விடிய வந்து அதிலை ஏறி மிதிச்சுத்தான் எஞ்சினைத் தட்டி எழுப்புவார். இரண்டு தரம் விக்கும், பிறகு பிடிக்கும். பிடிச்சால் எங்கடை குசினியிலை சட்டி பானை எல்லாம் அதிரும். அந்தச் சத்தத்திலைதான் என்ரை பிள்ளை நித்திரை கொள்ளும். நிப்பாட்டினால் எழும்பி அழுவான்.”

“ஆர் அன்ரி, எஞ்சின் ஓட்டினது?”

“என்ரை மனுசன்.” படத்தை நீட்டினாள். “கேதீஸ்வரன். முழுப்பேர் தம்பையா கேதீஸ்வரன். எழுதுங்கோ.”

“வாவ், சூப்பர்!” என்றான் ஜொனதன். லவீனா படத்தை வாங்கிப் பார்த்து, “வடிவான ஆள் அன்ரி” என்றாள்.

முந்தி வந்த அதிகாரிகள் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. பராசக்தி அவர்களை ஏறிட்டுப் பார்த்தாள். நல்ல பிள்ளைகள், வெளிநாட்டுப் படிப்பு, மனம் விட்டுக் கதைக்குதுகள் என்று நினைத்துக்கொண்டாள்.

“கடைசிக் கேள்வி. இந்த மில் கடைசியா எந்த வருசம் ஓடினது?”

“தொண்ணூற்றாறு, ஆவணி. இடம்பெயர்ந்த சனம் அப்பதான் திரும்பி வந்தது. மூட்டையிலை நெல்லு இருக்கு, தின்ன அரிசி இல்லை. முதலாளி ஆக்கள் வரேல்லை. இவர்தான் எஞ்சினைக் கழட்டிக் கழுவிப் பூட்டி ஓட்டினார். நான் வேண்டாம் எண்டனான். இவ்வளவு சத்தம் போடுற சாமானை ஏன் இந்த நேரம் எழுப்புறியள் எண்டு கேட்டனான். சனம் பசியோடை நிக்குது எண்டார். அந்தச் சத்தத்துக்குத்தான் அவங்கள் வந்தவங்கள்.”

“ஒன்பது, ஆறு” என்று ஜொனதன் போனில் தட்டினான். அவனுக்கு அவள் வேகமான தமிழில் பாதிதான் பிடிபட்டது. போனில் ஓர் அம்பு அசைந்து மில்லின் பின்பக்கத்தைக் காட்டியது. “யெஸ்! பின்னாலை என்ன இருக்கு அன்ரி? இடம் அங்கை எண்டுதான் காட்டுது.”

பராசக்தி ஓரடி பின்வாங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“பின்னாலை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“லெனாட் எண்டு ஒருத்தர். லண்டனிலை இருக்கிறார். இந்த மில்காரற்றை பேரன். அவர்தான் இடத்தைக் குறிச்சுப் போட்டிருக்கிறார்.”

முதலாளியின் பேரன். அப்படியென்றால் முதலாளி ஆக்களில் யாரோ அன்றைக்குப் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு கடல் கடந்து போய், இப்போது பயமில்லை என்றதும் சொல்லியிருக்கிறார்கள். பராசக்தியின் மனதில் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது.

“பின்னாலை உமிக்கிடங்கு” என்றாள்.

சிவதர்ஷன் மோட்டார் சைக்கிளை ஒழுங்கையில் போட்டுவிட்டு ஓடி வந்தபோது, நமசிவாயமும் இன்னும் நாலைந்து அயலவரும் மில்லின் பின்பக்கம் நின்றார்கள். பிரதீபாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். உமிக்கிடங்கு என்பது செங்கல் கட்டிய பெரிய பள்ளம். இப்போது முக்கால்வாசி மண் மூடிக் கிடந்தது. ஜொனதன் உள்ளே இறங்கிச் செடிகளை விலக்கிக்கொண்டிருந்தான்.

“பாத்துத் தம்பி, பூச்சி பொட்டு கிடக்கும்” என்றார் நமசிவாயம். “கிண்ட அலவாங்கு வேணுமோ?”

“வேண்டாம் அங்கிள், கையாலையே எடுக்கலாம்.”

“கையாலை எடுக்கட்டும்” என்றாள் பராசக்தி. “அலவாங்கு பட்டால் நொருங்கிப் போகும்.”

சிவதர்ஷன் தாயைப் பார்த்தான். “என்னம்மா நொருங்கும்?”

அவள் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்குச் சொல்கிறாள் என்று தெரியாமல் சொன்னாள்.

“கொப்பரைக் கொண்டுபோன வாகனத்தை நான் காணேல்லை மோனை. கண்டனான் எண்டுதான் எல்லா இடமும் சொன்னனான். காணேல்லை. அவங்கள் வந்து நிண்டது கண்டது. பிறகு உன்னைத் தூக்கிக்கொண்டு தேவாலயத்துக்கு ஓடிட்டன். திரும்பி வர இந்தக் கிடங்கு புகைஞ்சுகொண்டு கிடந்தது. உமி நெருப்பு கெதியிலை அணையாது. உள்ளுக்குள்ளையே கனன்று கனன்று நாள்கணக்கா எரியும். கிட்டப் போய்ப் பாக்க எனக்குத் தைரியம் வரேல்லை. மணத்தது. உமி மணம் எனக்குத் தெரியும். அது உமி மணம் இல்லை.”

சிவதர்ஷன் தாயின் நெற்றிப் பொட்டைப் பார்த்தான். இத்தனை வருடமும் பொட்டு வைத்துக்கொண்டு, ‘அவர் வருவார்’ என்று ஊரோடு சண்டை பிடித்த மனுசி சொன்ன சொல் அது.

லவீனாவுக்கு ஜொனதனைவிடக் கூடுதலாகத் தமிழ் விளங்கும். “ஜொன், நிப்பாட்டு. வெளியிலை வா” என்று கத்தினாள்.

“கிடைச்சிட்டுது!” என்று அதே நேரம் ஜொனதன் கத்தினான்.

அவன் கையில் பச்சை டேப் சுற்றிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை சாப்பாடு கொண்டு போகிற அளவு. பராசக்தி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

“திறக்காதையுங்கோ. பொறுங்கோ. பிள்ளை கிட்ட வரட்டும். தர்ஷன், வா இஞ்சை. தகப்பன்ரை எண்டால் நீதான் முதலிலை பாக்க வேணும்.”

சிவதர்ஷன் அசையவில்லை. ஜொனதன் எல்லோருடைய முகத்தையும் பார்த்தான். என்னவோ பிழை என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் கை மூடியைத் திறந்துவிட்டது.

ஒரு குட்டிப் பிளாஸ்டிக் யானை. ஒரு சாவி வளையம். பென்சில். வந்து போனவர்கள் பெயர் எழுதிய சுருள். மேலே ஓர் அட்டையில் வண்ண எழுத்து: ‘பாராட்டுக்கள்! செக்கடிப்புலத்தின் மில் வரலாற்றைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்!’

பராசக்தி கையை நீட்டி அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

“இது ஒரு விளையாட்டு அன்ரி” என்றாள் லவீனா. அழுதுகொண்டே சொன்னாள். “உலகம் முழுக்க விளையாடுறவை. ஒரு ஆள் பெட்டியை ஒளிச்சு வைப்பார். ஊரைப் பற்றிக் கேள்வி கேட்பார். விடையிலை வாற இலக்கத்தைப் போட்டால் இடம் காட்டும். எங்களுக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது.”

“அப்ப தொண்ணூற்றாறு எண்டு நான் சொன்னது?”

“அது… ஒரு இலக்கம் அன்ரி.”

“இலக்கம்” என்றாள் பராசக்தி.

ஜொனதன் பெட்டியை மூடினான். “நாங்கள் லெனாட்டுக்கு எழுதுறம். இதை இண்டைக்கே எடுத்துவிடுறம். இனி ஒருத்தரும் வந்து உங்களைக் கரைச்சல்படுத்தமாட்டினம்.”

“எடுக்காதை தம்பி.” அவள் குரலில் கோபமே இல்லை. “இருந்த இடத்திலையே வை. உதைத் தேடியெண்டாலும் நாலு பேர் இந்த இடத்துக்கு வருவினம்.”

நமசிவாயம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரிடம் பகிடி ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

அன்று முழுக்கப் பராசக்தி வேலை செய்தாள். மல்லி காயப் போட்டாள், பெருஞ்சீரகம் புடைத்தாள், கறிவேப்பிலை உருவினாள். பின்னேரம் சிவதர்ஷன் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“நீ கீரிமலைக்குப் போ.”

அவன் இன்னொரு வாளி தண்ணீர் அள்ளினான்.

“நான் மறிக்கமாட்டன். ஐயருக்குத் தட்சிணை, தர்ப்பை, எள்ளு எல்லாம் எடுத்து வைக்கிறன். இனி ஒருத்தரும் வரமாட்டினம் மோனை. வந்தவையும் விளையாடத்தான் வந்தவை. நீ உன்ரை பிள்ளையைப் பார்.”

“என்னாலை ஏலாது அம்மா.”

“நேற்று நீதானே கேட்டனி?”

“நேற்றுக் கேட்டனான்.” அவன் கையில் ஒட்டியிருந்த இரும்புக் கறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். “நீ இருக்கிறாய் எண்ட தைரியத்திலை கேட்டனான். நான் என்ன செய்தாலும் நீ விடமாட்டாய், அவரைப் பிடிச்சு வைச்சிருப்பாய் எண்டு. அந்தப் பெட்டி வெளியிலை வரேக்கை, ஒண்டும் இருக்கக் கூடாது எண்டுதான் எனக்கு நெஞ்சு அடிச்சது. யானைக்குட்டியைக் கண்டோடனை சந்தோசப்பட்டன் அம்மா. எனக்கு இப்ப என்னெண்டு எள்ளுத் தண்ணி இறைக்கச் சொல்லுறாய்?”

“தர்ஷன்.”

“அந்த மணத்தைப் பற்றி நீ எனக்குச் சொல்லியிருக்கக் கூடாது.”

“உனக்குச் சொல்லேல்லை. அவையளுக்குச் சொன்னனான்.”

“அவையளுக்கு விளங்கேல்லை. எனக்கு விளங்கிச்சுது.”

அவன் வாளியை வைத்துவிட்டு உள்ளே போனான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பிரதீபா இருவருக்கும் நடுவில் தேத்தண்ணியை வைத்துவிட்டு வைத்துவிட்டுப் போனாள்.

அமாவாசையன்று பராசக்தி விடிய முன்னமே முழுகிச் சமைக்கத் தொடங்கினாள். அந்த நாளுக்கென்று எல்லோர் வீட்டிலும் வைக்கிற காத்தோட்டிங்காய்க் கசப்புக் கறி, வாழைக்காய், பூசணி, பருப்பு, வடை, பாயாசம். எண்ணெய் கொதிக்கிற சத்தத்துக்கு மேலால் ஒழுங்கையில் கீரிமலைக்குப் போகிறவர்களின் கதை கேட்டது. நமசிவாயம் வேட்டியும் துவாயுமாய் வந்து படலையடியில் நின்று, “தம்பி வாறானோ? வானிலை ஒரு இடம் இருக்கு” என்றார்.

சிவதர்ஷன் விறாந்தையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

“நீங்கள் போட்டு வாங்கோ அண்ணை” என்றாள் பராசக்தி.

வான் போய்விட்டது. அவள் தலைவாழையிலை ஒன்றை வெட்டிக் கழுவி, சாமியறையில் விரித்தாள். சமைத்ததை எல்லாம் மூடி வைத்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. மகனின் தலைமாட்டில் வந்து குந்தினாள்.

“கடலுக்குப் போகாட்டிப் பரவாயில்லை. கிணத்திலை ரண்டு வாளி அள்ளி ஊத்திப்போட்டு வா. படைப்பம்.”

அவன் எழும்பவில்லை. அவளும் போகவில்லை. படைக்காமல் ஒருவரும் சாப்பிட முடியாது. அவன் தொடாமல் படைக்கவும் முடியாது. வெயில் முற்றத்தைத் தாண்டி விறாந்தைக்கு ஏறியது. அயலில் காகத்தைக் கூப்பிடுகிற சத்தம் ஒவ்வொரு வளவாகக் கேட்டு, ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

குசினியில் சட்டி மூடி விழுந்த சத்தம் கேட்டுத்தான் பராசக்தி எழுந்து போனாள்.

பிரதீபா நிலத்தில் இருந்து, கோப்பையில் சோறும் கறியும் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். படைக்காத சோறு. கண்ணீர் கோப்பைக்குள் விழுந்துகொண்டிருந்தது. மாமியைக் கண்டதும் கை நின்றது.

“ஏலாமல் போச்சு மாமி. பிள்ளை துடிச்சுது. தலையைச் சுத்திச்சுது.”

பராசக்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் இன்றைக்குச் சமைத்தது யாருக்கு என்று யோசித்தாள்.

“மெதுவாச் சாப்பிடு பிள்ளை, விக்கப் போகுது” என்றாள்.

சாமியறைக்குள் போனாள். விரித்திருந்த இலை காற்றில் ஓரம் சுருண்டு வாடத் தொடங்கியிருந்தது. ஒன்றும் படைக்காமலே அதை இரண்டாக மடித்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கட்டியிருந்த ஆடு அவளைக் கண்டு எழுந்தது. இலையை அதற்கு முன்னால் போட்டாள். அது நடு நரம்பு வரைக்கும் தின்று முடிக்குமட்டும் அங்கேயே நின்றாள்.